தேயாத பிரேக் கட்டை

துணி உலர்த்துவது இப்போது தமோட்சுவின் வேலை. காலை ஆறே கால் மணிக்கு, விடும் மூச்சு புகையாகப் போகும் ஜனவரிக் குளிரில், மாடி வராந்தாவில் நின்றுகொண்டு மனைவியின் நீல வேலைச் சட்டைகளை உதறி உதறி மாட்டுவார். ஈரம் விரலைக் கடிக்கும். முன்பெல்லாம் இந்த நேரத்தில் அவர் கீழே சூடாக மிசோ சூப்பு குடித்துக்கொண்டிருப்பார்.

"கிளிப்போட ஸ்பிரிங்கு ரொம்ப முரடா இருக்குங்க. அமுக்கவே முடியல" என்று அக்டோபரில் யசுயோ சொன்னாள்.

அன்றைக்கு அவர் அந்தக் கிளிப்பை எடுத்து இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார். பத்து வருஷப் பழசு. வெயிலில் வெளுத்து, ஸ்பிரிங் தளர்ந்து, கைக்குட்டையைக்கூட ஒழுங்காகப் பிடிக்காத கிளிப். அதை அவர் சொல்லவில்லை. சாயந்திரம் கடைக்குப் போய் இன்னும் லேசானதாக இரண்டு டஜன் வாங்கிவந்தார். ஒரு வாரத்தில் அந்தக் கிளிப்பும் முரடாகிவிட்டது. அப்புறம் துணிக்கூடை யாரும் சொல்லாமலே அவர் பக்கம் நகர்ந்து வந்து நின்றுகொண்டது.

வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்தால் கீழே யசுயோவின் சைக்கிள் தெரியும். சைக்கிள் என்று சொன்னால்தான் தெரியும். முன்னால் கூடை, கூடைக்கு மூடி. ஹேண்டில் பாரின் நடுவே குடையைச் செருகி நிறுத்தும் இரும்புத் தாங்கி. அது அந்த ஊரில் எல்லாப் பெண்களின் வண்டியிலும் இருப்பதுதான். மழைக்கும் வெயிலுக்கும் குடை பிடிக்கக் கையை எடுக்காமல் ஓட்டலாம். மற்றதெல்லாம் ஒரே வருஷத்தில் சேர்ந்தவை. உள்ளங்கை சாய்ந்து உட்காரும்படி அகலமான கைப்பிடி ரப்பர்கள். கையை மாற்றிப் பிடிக்க இரண்டு பக்கமும் கொம்பு. குனியாமல் ஓட்ட, ஹேண்டில் பாரையே நான்கு விரற்கடை உயர்த்திய நீளமான தண்டு. கடைசியாக, பூப்போட்ட பஞ்சுக் கூடுகள் இரண்டு. ஹேண்டில் பாரிலேயே மாட்டியிருக்கும். கையை உள்ளே நுழைத்துக்கொண்டால் குளிர் தெரியாது. கையும் தெரியாது.

தெருமுனையில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கும் இவானே, தமோட்சுவுக்கு முப்பது வருஷ சிநேகிதர். அவர் வாயை மூட முடியவில்லை.

"என்னய்யா தமோட்சு, இது சைக்கிளா, திருவிழாத் தேரா? இன்னும் ரெண்டு விளக்கும் ஒரு மேளமும் கட்டிட்டின்னா தெருவே சேர்ந்து வடம் பிடிச்சு இழுத்துருவோம்."

"உன் கடையில வாங்கலைன்னு உனக்கு வயித்தெரிச்சல்."

"பின்ன இருக்காதா? கம்பெனிக்காரன் பொண்டாட்டிக்குப் பார்ட்ஸுக்கா பஞ்சம்! என் வீட்டுக்காரி நேத்து கேக்கறா, யசுயோவுக்கு மட்டும் எப்படி இப்படி ஒரு புருஷன் வாய்ச்சார்னு. ஏன்யா எங்க பொழப்பக் கெடுக்கற?"

தமோட்சு சிரித்துவிட்டு வந்துவிட்டார். அந்தப் பெருமை அவருக்கு வேண்டியிருந்தது.

சகாய் நகரத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஏதாவது ஒரு கொட்டகையில் சைக்கிளின் ஏதாவது ஒரு எலும்பைச் செய்துகொண்டிருப்பார்கள். தமோட்சு பதினைந்து வயதில் ஷிமானேயிலிருந்து ரயிலேறி வந்து சேர்ந்த கம்பெனி ஹேண்டில் பார் செய்யும் கம்பெனி. நாற்பத்து மூன்று வருஷமாக அங்கேதான். முதலில் சாணை, அப்புறம் சோதனைப் பிரிவு. வளைத்து, மெருகேற்றி வரும் ஒவ்வொரு பாரிலும் அவர் கட்டைவிரல் ஒருமுறை ஓடும். கண்ணுக்குத் தெரியாத பிசிறு விரலுக்குத் தெரியும். "தமோட்சுவோட விரலுக்கு மூக்கு இருக்கு" என்பார்கள்.

யசுயோவின் கை அதற்கும் மேலே. அதே கம்பெனியில் பொட்டலம் கட்டும் பிரிவில் இருந்தாள். தொட்டியில் கைவிட்டு நட்டுகளை ஒரு பிடி அள்ளினால் சரியாக நாற்பது. தராசு வேண்டாம், எண்ண வேண்டாம். புதிதாக வந்த மேனேஜர் ஒருவர் நம்பாமல், நாள் முழுக்கக் கூட நின்று எண்ணிப் பார்த்துவிட்டுக் குனிந்து வணங்கிவிட்டுப் போனார். தமோட்சு அவளைக் கல்யாணம் பண்ணிக்கொண்டது அந்தக் கைக்காகத்தான் என்று கம்பெனியில் இன்னும் கேலி உண்டு. அது முழுப் பொய் இல்லை.

பொட்டலம் கட்ட இயந்திரம் வந்ததும் அவள் வெளியே வந்தாள். வயசானவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் படித்தாள். பதினோரு வருஷமாக அதுதான். ஒரு நாளைக்கு ஐந்து வீடு. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கை மாற்றுவது. வீட்டுக்கு வீடு சைக்கிள். ஐம்பத்தாறு வயதில், மழையில் குடையை நட்டுக்கொண்டு அவள் போவதைப் பார்த்தால் சின்னப் படகு ஒன்று தெருவில் மிதந்து போவதுபோல இருக்கும்.

போன வருஷம் செர்ரி பூத்திருந்த சமயம், ஒருநாள் சாப்பாட்டு மேசையில் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"விரல் நுனி மரத்துப் போன மாதிரி இருக்குங்க. கையுறை போட்டுக்கிட்டுத் தொடற மாதிரி."

"அதிர்வுதான்" என்றார் உடனே. "ஸ்டேஷன் பக்கம் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கானுங்க. உன் கிரிப்பும் ஒல்லி. நாளைக்கே மாத்தித் தர்றேன்."

சொன்னபோது மனதார நம்பித்தான் சொன்னார். அந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். முட்டி வலித்தால் சீட்டின் உயரத்தைப் பார். இடுப்பு வலித்தால் ஹேண்டில் பாரைப் பார். கழுத்து வலித்தால் ஒரு கைப்பிடி அளவு கிட்டே கொண்டு வா. சைக்கிள் செய்கிறவனுக்கு உடம்பின் எல்லாக் குறையும் சைக்கிளில்தான் இருக்கும். அங்கே இருந்தால் ஸ்பேனர் போட்டுச் சரிபண்ணிவிடலாம்.

அகலக் கிரிப் வந்தது. "அடேயப்பா, மெத்தை மேல கை வெச்ச மாதிரி இருக்கு" என்றாள் யசுயோ. அவர் இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தார். ஜூன் மாதம் அவள் சாப்பாட்டுக் குச்சிகளை வைத்துவிட்டு ஸ்பூன் எடுத்துக்கொண்டாள். கறிச்சோறு அன்றைக்கு, ஸ்பூன்தான் சரி. மறுநாள் மீன். அதையும் ஸ்பூனால் குத்திப் பிரித்தாள். அவர் பார்த்தும் பார்க்காததுபோல டிவியைப் பார்த்தார். அந்த வாரம் கொம்புகள் வந்தன. ஆகஸ்டில் சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது என்று வேலைச் சட்டையில் ஒட்டுப்பட்டை தைத்துக்கொண்டாள். அந்த மாதம் உயரத் தண்டு. ஒவ்வொன்றுக்கும் அவள் "ரொம்ப வசதியா இருக்குங்க" என்று சொல்வாள். ஒரு தடவைகூட "சரியாயிடுச்சு" என்று சொன்னதில்லை. இரண்டு சொல்லுக்கும் நடுவில் எத்தனை தூரம் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

தெரிந்ததற்குக் காரணம் சுகிஹாரா. கம்பெனியில் இரும்பை அடித்து வளைக்கும் பட்டறையில் இருந்த மனிதர். முதலில் கை மரத்தது. அப்புறம் போல்ட் கையிலிருந்து நழுவி விழுந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் நடக்கும்போது ஒரு கால் செருப்பு கழன்று பின்னாலேயே கிடக்கும்; சுகிஹாரா ஒற்றைச் செருப்போடு போய்க்கொண்டிருப்பார், அவருக்கே தெரியாது. பையன்கள் சிரிப்பார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனார். கழுத்துக்குள் நரம்பை எலும்பு நெரிக்கிறது என்றார்கள், லேட்டாக வந்துவிட்டீர்கள் என்றார்கள், கழுத்தைத் திறந்தார்கள். அடுத்த தடவை தமோட்சு அவரைப் பார்த்தபோது சக்கர நாற்காலியில் இருந்தார். அந்த நாற்காலியின் கைப்பிடிக் குழாய் தங்கள் கம்பெனிக் குழாய் என்பதை விரல் ஓட்டித் தெரிந்துகொண்டதுதான் தமோட்சுவுக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. "லேட்டாக" என்ற சொல்லை அவர் மறந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனார், நடந்து வரவில்லை. அவ்வளவுதான் அவர் வைத்துக்கொண்ட கணக்கு.

நவம்பரில் பஞ்சுக் கூடுகளை மாட்டினார். அதற்கு அப்புறம், வண்டியில் போகும்போது அவள் கை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லாமல் போயிற்று.

ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை. மதியம் யசுயோ காய் வாங்க நடந்து போயிருந்தாள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை முன் சக்கர பிரேக் கட்டையை மாற்றுவது தமோட்சுவின் வழக்கம். ஐந்து வீட்டுக்கும் ஏறி இறங்கினால் அதற்குள் ரப்பர் கட்டை தேய்ந்து இரும்பு எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடும். கடைசியாக மாற்றியது செப்டம்பரில். புதுக் கட்டைகளின் அட்டையைக் கிழித்து வைத்துக்கொண்டு, வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பழசைக் கழற்றினார்.

கழற்றிய கட்டையில் கட்டைவிரல் ஓடியது. நின்றது.

அச்சில் வார்க்கும்போது ரப்பரில் மெல்லிய முடிபோலப் பிசிறு நிற்கும். முதல் பத்து நாளிலேயே உதிர்ந்துவிடும். அது அப்படியே இருந்தது. இரண்டு கட்டையிலும்.

ஒருவேளை பின் பிரேக்கை மட்டும் பிடிக்கிறாளோ என்று பார்த்தார். அது அடிக்கடி ஒயரை இறுக்கிக் கொடுக்க வேண்டிய பிரேக். செப்டம்பரில் அவர் இறுக்கிவிட்ட இடத்திலிருந்து ஒரு நூல்கூடத் தளரவில்லை.

சக்கரத்தைச் சுற்றிவிட்டார். அது அமைதியாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. நன்றாக எண்ணெய் போட்ட சக்கரம்; அவர் போட்ட எண்ணெய்.

நான்கு மாதம். ஒரு நாளைக்கு ஐந்து வீடு. பிரேக்கே பிடிக்காமல் எப்படி நிறுத்துகிறாள்?

அப்போதுதான் செருப்பு வைக்கும் அலமாரியின் கீழ்த்தட்டில் அவளுடைய வேலைக் காலணிகளைப் பார்த்தார். கறுப்புத் துணிக் காலணி. திருப்பினார். குதிகால் புதுசு மாதிரி இருந்தது. முன்பாதத்தில் ரப்பர் முழுதும் தேய்ந்து, உள் துணி தெரிந்து, பெருவிரல் இருக்கும் இடத்தில் பொத்தல். அதற்குப் பின்னால் ஒரு ஜோடி இருந்தது. அதற்கும் பின்னால் இன்னொரு ஜோடி. எல்லாம் ஒரே இடத்தில் தேய்ந்திருந்தன. யாருக்கும் தெரியாமல் பின்னால் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறாள்.

காலணிகளை இருந்தபடியே வைத்தார். பழைய பிரேக் கட்டைகளையே மறுபடி மாட்டினார். புதுசை மாட்ட அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேசை அடுப்பில் கீரையும் டோஃபுவும் காளானும் கொதித்துக்கொண்டிருந்தன. ஆவிக்கு அந்தப் பக்கம் அவள் முகம் வந்து வந்து போனது.

"பிரேக்கு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஏன்?"

"பிடிச்சா நிக்குதா?"

"நீங்க போட்டது நிக்காமப் போகுமா? மூக்கணாங்கயிறு இழுத்த மாடு மாதிரி நிக்குது." கரண்டியால் டோஃபுவை அள்ளி அவர் கிண்ணத்தில் போட்டாள். பாதி மேசையில் விழுந்தது. "ஐயோ, இந்த டோஃபு ஒண்ணு. வழுக்கிட்டே போகுது."

"ஹிரோக்கா பாட்டி வீட்டு மேட்டுல இறங்கறப்போ?"

அவள் துணியால் மேசையைத் துடைத்தாள். துணியை முஷ்டியில் வைத்துத் துடைத்தாள், விரலில் அல்ல. "அந்த மேட்டுல எத்தனை வருஷமா இறங்கறேன்! என் காலுக்கே தெரியும்" என்றாள்.

காலுக்கு என்றாள். கைக்கு என்று சொல்லவில்லை. அவர் சூப்பைக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

ஹிரோக்கா பாட்டிக்கு எண்பத்தெட்டு வயது. மேட்டுத்தெருவின் உச்சியில் வீடு. மேடு நேராகக் கீழே இறங்கி ரயில்வே கேட்டில் போய் முடியும். கேட்டுக்கு அந்தப் பக்கம்தான் யசுயோவின் அடுத்த வீடு. செவ்வாயும் வெள்ளியும், பத்து மணிக்குப் பாட்டி வீடு, பதினொன்றுக்குக் கிளம்பி மேட்டில் இறக்கம். இதெல்லாம் அவருக்கு எப்போதும் தெரிந்ததுதான். அந்த ராத்திரியிலிருந்து வேறு எதுவும் நினைவில் நிற்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு கேட்டார். சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்து, "என்ன தமோட்சு ஐயா, உலகம் அழியப்போகுதா? நீங்க லீவு போட்டு நான் பாத்ததே இல்லையே" என்றார். பல் வலி என்று சொல்லிவிட்டு வந்தார்.

மேட்டின் அடியில், கேட்டுக்குப் பத்தடி முன்னால் ஒரு டோஃபுக் கடை. அதன் பக்கத்தில், காசு போட்டால் குளிர்பானம் தரும் ஆளுயரப் பெட்டி. தமோட்சு பெட்டியை ஒட்டி நின்றார். மணி பதினொன்று ஐந்து. டோஃபுக்காரர் ரப்பர் பூட்ஸோடு வெளியே வந்து, வாசலில் அடுக்கியிருந்த தண்ணீர்த் தொட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்தார்.

"ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இப்ப யசுயோ அம்மா வர்ற நேரம்."

தமோட்சுவுக்குப் புரியவில்லை. அப்போதுதான் கடைக்கு முன்னால் இருந்த மின்கம்பத்தைப் பார்த்தார். அதைச் சுற்றிப் பழைய மெத்தை ஒன்றை மடித்து, நைலான் கயிற்றால் நான்கு சுற்று கட்டியிருந்தார்கள். மழையில் நனையாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் தாள் வேறு.

"இது எதுக்கு?"

"அவங்களுக்குத்தான். டிசம்பர்ல ரெண்டு வாட்டி கம்பத்துல வந்து மோதிட்டாங்க. தோள்பட்டையெல்லாம் கன்னிப்போச்சு. என் வீட்டுக்காரி மனசு கேக்காம இதைக் கட்டி வெச்சா." தொட்டியை இழுத்தபடியே பேசினார். "பிரேக்கு கொஞ்சம் சரியில்லையாம். புருஷன் சைக்கிள் பார்ட்ஸ் கம்பெனியிலதான் இருக்காராம். பாத்துக்கிட்டே இருக்காராம். என்னத்தைப் பாக்கறாரோ! அந்த ஆளுக்குக் கண்ணு தெரியுமான்னே எனக்குச் சந்தேகம்."

எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு பெண் எட்டிப் பார்த்து, "வந்தாச்சா?" என்றாள்.

"இன்னும் இல்ல" என்றார் டோஃபுக்காரர்.

கேட்டில் மணி அடிக்க ஆரம்பித்தது. சிவப்பு விளக்குகள் மாறி மாறிக் கண் சிமிட்டின. மூங்கில் தடுப்பு மெதுவாக இறங்கியது. அந்த நேரத்தில் மேட்டின் உச்சியில் யசுயோ தெரிந்தாள். தமோட்சு பெட்டிக்குப் பின்னால் ஒதுங்கினார்.

வேகமாக வரவில்லை. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. கூச்சலில்லை, பதற்றமில்லை. கை இரண்டும் பூப்போட்ட கூடுகளுக்குள். கால் இரண்டையும் பெடலிலிருந்து எடுத்துத் தரையில் ஊன்றித் தேய்த்தபடி வந்தாள். சர்ரென்று ஒரே சீராக அந்தச் சத்தம் மேட்டிலிருந்து இறங்கி வந்தது. பாதி மேட்டில் ஓரமாக ஒதுங்கி, ஒரு வீட்டின் செடிவேலியில் சக்கரத்தை உரசவிட்டு வேகத்தைக் குறைத்தாள். வேலி அந்த இடத்தில் மட்டும் இலையில்லாமல் மொட்டையாக இருந்தது. அப்புறம் கம்பத்தை நோக்கித் திருப்பினாள். தோளால் மெத்தையில் மோதி, முழங்கையைக் கம்பத்தில் வளைத்துப் போட்டு நின்றாள். முன் சக்கரம் கம்பத்தைத் தாண்டி நின்றது. தடுப்புக்கும் அதற்கும் நடுவே இன்னொரு சைக்கிள் நிற்க இடம் இருந்தது, அவ்வளவுதான்.

ரயில் போயிற்று. காற்று அவள் தலைமுடியைக் கலைத்தது. கலைந்ததை ஒதுக்கக் கையை எடுக்காமல், தலையை ஆட்டி ஒதுக்கிக்கொண்டாள்.

"இன்னிக்கு நல்லா நிறுத்தினீங்க!" என்றார் டோஃபுக்காரர்.

"மெத்தை போட்டு வெச்சிருக்கீங்க, படுத்துத் தூங்கிடலாம் போல இருக்கு" என்று அவள் சிரித்தாள். எதிர்வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது. தடுப்பு எழுந்தது. யசுயோ இறங்கி, வண்டியை இடுப்பால் தள்ளிக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்தாள்.

தமோட்சு குளிர்பானப் பெட்டிக்குப் பின்னால் நின்றபடியே இருந்தார். பெட்டியின் தகடு லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. அவர் கை அதைத் தடவிக்கொண்டிருந்தது, பிசிறு தேடுவதுபோல.

மத்தியானம் கம்பெனிக்குத்தான் போனார். சாமான் அறையில், புது மாடலுக்காக வந்திருந்த மாதிரிகளில் ஒரு ஜோடி பிரேக் லீவர் இருந்தது. இரண்டு விரல் போதும், மூன்றாம் வகுப்புக் குழந்தைகூடப் பிடிக்கலாம் என்று எழுதியிருந்தது. கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது, குளிர் வேறு. ஆறு மணிக்கு யசுயோ வந்து குளிக்கப் போனதும், ஒயர்களைக் கழற்றி, தண்டோடு ஹேண்டில் பாரையே உருவி எடுத்துச் சமையலறைக்குக் கொண்டுவந்து, மேசைமேல் செய்தித்தாள் விரித்துக் கிடத்தினார். குடைத் தாங்கியும் கொம்புகளுமாக அது ஏதோ வெட்டி வைத்த மாட்டுத் தலைபோல இருந்தது. பஞ்சுக் கூடுகளைக் கழற்றிக் கீழே போட்டார்.

குளியலறைக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள நடையில் ஒரு செருப்பு கிடந்தது. ஒன்றுதான். இன்னொன்று குளியலறை வாசலில் இருந்தது. முன்பும் நாலைந்து தடவை இப்படிக் கிடந்து, அவர் எடுத்து ஜோடி சேர்த்து வைத்திருக்கிறார். இன்றும் எடுத்துக் குளியலறை வாசலில் ஜோடி சேர்த்து வைத்தார்.

யசுயோ தலையில் துண்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். மேசைமேல் இருந்ததைப் பார்த்தாள். 

"புது லீவர்" என்றார் தமோட்சு, திருகாணிக்குள் ஆலன் கீயை விட்டுத் திருகிக்கொண்டே. "ரெண்டு விரல் போதும். பஞ்சு மாதிரி அமுங்கும். இனிமே பிரேக்குக்குக் கவலையே இல்ல. பிடிச்சுப் பாரு."

அவள் வலது கையைக் கொண்டுவந்து லீவர்மேல் வைத்தாள். விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள். பிறகு தன் கையையே உற்றுப் பார்த்தாள், வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல.

"நான் இப்ப பிடிச்சிருக்கேனா?"

"என்னது?"

"நீங்கதான் பாத்துச் சொல்லணும். எனக்குத் தெரியல. பிடிச்சிருக்கேனா, இல்லையா?"

அவர் பார்த்தார். விரல்கள் லீவரின்மேல் கிடந்தன. லீவர் அசையவில்லை.

"இன்னும் ஒரு சுத்து தளர்த்தணும்" என்றார்.

"இன்னிக்குக் காலையில குளிர்பானப் பெட்டிக்குப் பின்னாடி நின்னீங்க."

ஆலன் கீ நின்றது.

"பெட்டிக்குக் கீழ ஷூ தெரிஞ்சுது. என் புருஷன் ஷூ எனக்குத் தெரியாதா? பல நாளா உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிச்சிக்கிட்டு இருந்தேன். நீங்களா வந்து நின்னீங்க. சரி, பாத்துட்டாரு, இன்னிக்கு ராத்திரி பேசுவாருன்னு நெனச்சேன்." ஹேண்டில் பாரைப் பார்த்தாள். "இதைக் கழட்டிக்கிட்டு வந்து உக்காந்திருக்கீங்க."

கொதிகெண்டி அடுப்பில் முனகியது. யாரும் எழுந்து அணைக்கவில்லை.

"ஹிரோக்கா பாட்டி வருஷம் பொறந்ததுலேர்ந்து குளிக்கல" என்றாள். "அதுக்கு முந்தின வாரம் தொட்டியிலேர்ந்து தூக்கறப்போ நழுவிட்டாங்க. என் கை வழுக்கல. விட்டுருச்சு. விட்டதுகூட எனக்குத் தெரியல, அவங்க தலை தண்ணிக்குள்ள போனதைப் பாத்துத்தான் தெரிஞ்சுது. முழங்கையால வாரித் தூக்கினேன். தண்ணியத் துப்பிட்டு அந்தக் கிழவி சொல்லுது, 'அடியே, என்னைக் கொல்றதுன்னா வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கிட்டு வர்ற டாக்டர் இருக்கான், நீ எதுக்குடி?'ன்னு. சிரிச்சோம். சிரிச்சிட்டு ரெண்டு பேரும் அழுதோம்." துண்டைத் தலையிலிருந்து இழுத்தாள், இரண்டு தடவை இழுத்தபிறகு வந்தது. "'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், ஆனா இனிமே என்னைக் குளிப்பாட்டாத, உன் வீட்டுல சொல்லு'ன்னாங்க பாட்டி. வேற ஆளு வேணாமாம். ஈரத்துணியில துடைச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்க. நான் பேப்பர்ல 'குளித்தார்'னு எழுதிட்டு வர்றேன். பதினோரு வருஷத்துல எழுதாத பொய்."

தமோட்சு இடது லீவரை எடுத்தார். திருகாணியைப் பொருத்தினார். திருக ஆரம்பித்தார்.

"சாயந்திரம் ஆபீசுக்குப் போன் போட்டு வேலையிலேர்ந்து நின்னுட்டேன். நாளையிலேர்ந்து வேற ஆளை அனுப்பறாங்க. அந்தச் சைக்கிள்ல இனிமே நான் ஏறல. டோஃபுக்காரர் கிட்ட மெத்தையைக் கழட்டிக்கச் சொல்லணும்."

திருகாணி மரை பிடித்து உள்ளே போயிற்று. அவர் விரலுக்கு அதன் ஒவ்வொரு மரையும் தெரிந்தது. இதுதான், இதுதான் என்று உள்ளே ஏதோ ஒன்று சொல்லிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் சுகிஹாராவின் நாற்காலி அறைக்குள் உருண்டு வந்துவிடும் என்பதுபோல அவர் பல்லைக் கடித்திருந்தார்.

"கழுத்தா இருக்கும்னு நெட்டுல படிச்சேன். சீக்கிரம் போனா நின்னுடுமாம், அதுக்கு மேல போகாதாம். லேட்டானாதான்..." அவள் முடிக்கவில்லை. "எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்குங்க. பேர் எழுதற பேனாகூட என்னால பிடிக்க முடியாது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு என்கூட வர்றீங்களா?"

திருகாணி முட்டி நின்றுவிட்டது. அதற்கு மேல் போக இடமில்லை. அவர் இன்னும் அழுத்தித் திருகினார். ஆலன் கீ கிறீச்சிட்டது.

"கேட்டேன்" என்றாள் யசுயோ.

அவர் தலை நிமிரவில்லை. கட்டைவிரல் மட்டும் புது லீவரின் விளிம்பில் மேலும் கீழுமாக ஓடியது. அதில் ஒரு குறையும் இல்லை.

 யசுயோ மேசையில் முழங்கையை ஊன்றி எழுந்தாள். அடுப்பின் குமிழை உள்ளங்கையால் தள்ளி அணைத்தாள். கதவைத் தாண்டி நடையில் இறங்கிப் போனாள். மரத்தரையில் ஒரு கால் தட்டியது, ஒரு கால் தட்டவில்லை. ஒரு கால் தட்டியது, ஒரு கால் தட்டவில்லை. அவளுடைய இடது கால் செருப்பு மேசைக்கடியில், பஞ்சுக் கூடுகளின் பக்கத்தில் கிடந்தது. அதை எடுக்க அவள் திரும்பி வரவில்லை.